பிங் போகிறது, ஆனால் சர்வருக்குக் கணக்கு ஏறவில்லை – உதவி தேவை

சிப்புட்_தோட்டம்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் கூட்டுறவுச் சங்க அலுவலகத்து உபுண்டு சர்வர், செம்பனைக் குலை எடைக் கணக்கைத் தினமும் கோலாலம்பூர் வெப் சர்வருக்கு அனுப்பும். ரூட்டர் மாற்றியதிலிருந்து ஏறவில்லை. பிங் (எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பாதுகாப்பான வெப் இணைப்புக்கான 443 போர்ட்டும் உடனே திறக்கிறது. ஆனால் கர்ல் கட்டளை போட்டு அனுப்பிப் பார்த்தால் 'கிளையண்ட் ஹலோ' (பாதுகாப்பு இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தி) வரியோடு நின்று, கடைசியில் டைம்அவுட். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மட்டும் சட்டென்று ஏறுகிறது. ஆட்களின் சம்பளம் இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

ஈப்போ_நெட்:
'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் சர்வீஸ் ஓடவில்லை. போர்ட்டே திறக்காமல் டைம்அவுட் ஆனால் ஃபயர்வாலைச் சந்தேகப்படலாம். உங்களுடையது இரண்டும் இல்லை. சின்ன பாக்கெட் போய் வருகிறது, பெரியதுதான் வழியில் சாகிறது.

உங்கள் ஃபைபர் லைன் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் முறை) தானே? அது 8 பைட் எடுத்துக்கொள்ளும், 1500 எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 ஆகிவிடும். கோலாலம்பூர் சர்வர் தன் சான்றிதழை 1500 பைட் பாக்கெட்டில் அனுப்பினால் உங்கள் லைனுக்குள் நுழையாது. நடுவில் இருக்கும் ரூட்டர் 'பெரிசு, குறைத்து அனுப்பு' என்று ஐசிஎம்பியில் (பிங்கும் நெட்வொர்க் பிழைச் சேதிகளும் போகும் நெறிமுறை) சொல்லும். கோலாலம்பூர் பக்கம் ஃபயர்வால் பிங்கை மட்டும் விட்டு மற்ற ஐசிஎம்பியை மூடியிருந்தால் அந்தச் சேதி எட்டாது. சர்வர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு என்று சொல்லி இதை மூடுகிறவர்கள் எத்தனை பேரை அலைய விடுகிறார்கள்! பாக்கெட் அளவைக் கண்டுபிடிக்க 1990இல் ஆர்எஃப்சி 1191 என்ற இணைய ஆவணம் வகுத்த ஏற்பாடே அந்தச் சேதியை நம்பித்தான்.

கோலாலம்பூர் சர்வரிலிருந்து டிஎஃப் பிட் ('துண்டாக்காதே' என்ற குறி) போட்டு உங்கள் பக்கம் பிங் அடியுங்கள். 1464 பைட் போய் 1472 போகாவிட்டால் இதுதான் வியாதி.

சிப்புட்_தோட்டம்:
அண்ணே, 1464க்குப் பதில் வருகிறது. 1465க்கே ஒன்றும் இல்லை, பிழைச் செய்தி கூட வரவில்லை.

ஈப்போ_நெட்:
சரி, அதேதான். 28 பைட் ஹெடரைக் கூட்டினால் 1492. புது ரூட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவுக்கு உச்சவரம்பு வைப்பது) அணைந்திருக்கும். 1492இல் ஐபி, டிசிபி ஹெடர் 40 பைட் போக 1452 வையுங்கள்.

கிள்ளான்_லினக்ஸ்:
ரூட்டரில் அந்த இடம் கிடைக்காவிட்டால் சர்வரின் நெட்வொர்க் கார்டிலேயே எம்டியூ 1492 வைக்கலாம். ஆனால் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான் உதவும்.

சிப்புட்_தோட்டம்:
1452 வைத்தேன், தேங்கிக் கிடந்த கணக்கெல்லாம் ஏறிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணே!

ஈப்போ_நெட்:
மகிழ்ச்சி. அப்புறம், கோலாலம்பூர் பக்கம் ஐசிஎம்பி வகை 3, குறி 4ஐ (அந்தப் 'பெரிசு' சேதிதான்) திறக்கச் சொல்லிவிடுங்கள். மற்ற தோட்டத்துக் கிளைகளும் அங்கேதானே அனுப்புகின்றன. ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) ஓடினால் அதே சேதிக்கான ஐசிஎம்பிவி6 வகை 2உம் கட்டாயம் வேண்டும். ஐபிவி6இல் வழியில் இருக்கும் ரூட்டர் பாக்கெட்டைத் துண்டாக்கவே செய்யாது.