44 வயதில் புல்லாங்குழல் வகுப்பில் சேரலாமா?

வணக்கம். ஆறு வருடமாக வீடியோ பார்த்து நானாகவே புல்லாங்குழல் வாசிக்கிறேன். சினிமாப் பாட்டு ஓரளவு வரும். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கைதட்டுவார்கள். அதை நம்பித்தான் இத்தனை நாள் ஓடியது.

போன மாதம் மதுரையில் ஓர் ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு வரி கேட்டதும் என் வலது கையைப் பிடித்து நிறுத்தினார். "நுனியால் ஆணி அடிக்கிற மாதிரி அழுத்துறீங்க தம்பி. அப்புறம் கமகம் எங்கேர்ந்து வரும்?" கமகம் என்றால் சுரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பது. பார்த்தால் விரல்களில் வட்ட வட்டமாகத் துளையின் தடம். ஆறு வருடத்தில் நான் கவனித்ததே இல்லை.

முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். அங்கேதான் சிக்கல். கர்நாடகக் குழலில் இயல்பாக வருவது அரிகாம்போதி ராகம், சரளியோ மாயாமாளவகௌளை ராகத்தில். அதில் ரி, த என்ற சுரங்களை அரைத் துளை மூடி வாசிக்க வேண்டும். எனக்கு அந்த ரி ஒருநாள் ஏறுகிறது, ஒருநாள் இறங்குகிறது. சுருதிப்பெட்டி வைத்தால் மானம் போகிறது.

புல்லாங்குழல் மேதை மாலி தானாகக் கற்றவர்தானே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் மாலி" என்றாள். சரி.

என்னைப் போல் பாதியில் குருவிடம் போனவர்கள் சொல்லுங்கள்: பழைய விரல் பழக்கம் மாற எத்தனை மாதம் ஆனது? அதுவரை தெரிந்த பாட்டுகளைத் தொடாமல் இருக்க வேண்டுமா? ஆன்லைன் வகுப்பில் உதடு, விரல் தப்பெல்லாம் ஆசிரியருக்குத் தெரியுமா, இல்லை நேரில்தான் போக வேண்டுமா? எனக்கு ஞாயிறு காலை மட்டும்தான் ஓய்வு.