தேயிலை லயனில் தத்துக் குடும்பம்: எப்போது போனாலும் வீடு பூட்டியிருக்கிறது, என்ன செய்வது?

திருவாரூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் எம்பிபிஎஸ் முதல் வருஷம் படிக்கிறேன். எஸ்பிஎம் (சமூக, தடுப்பு மருத்துவம்) துறையில் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறதே, ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிப்பது, அதில் எனக்குக் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லயனில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஐந்து வீடு வந்திருக்கிறது. காலேஜ் பஸ் எங்களை இறக்கிவிடும்போது மணி பத்து. அதற்குள் எல்லாரும் கொழுந்து எடுக்கப் போய்விடுகிறார்கள், மிச்சம் இருப்பது ஒரு பாட்டியும் ஒரு நாயும்தான், பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது. லாக் புக்கிலோ குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம், தடுப்பூசி, குடிநீர், கழிப்பறை என்று பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டும். சிலர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தோன்றியதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாட்டி வேறு என்னைப் பார்த்ததும் "டாக்டரம்மா, முழங்காலுக்கு மாத்திரை கொண்டாந்தியா" என்று கேட்கிறார். நாங்கள் அனாடமி ஹாலில் இன்னும் கையைத் தாண்டிக் காலுக்கே வரவில்லை! எந்த நேரத்துக்குப் போவது, கையில் ஒரு மருந்தும் இல்லாமல் போய் என்னதான் செய்வது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிஆர்ஆர்ஐ_அண்ணன்:
தங்கச்சி, நான் இப்போது ஹவுஸ் சர்ஜன். இந்தத் திட்டம் 2021-22 சேர்க்கையிலிருந்துதான் வந்தது, அதனால் எங்களுக்கு வழிகாட்ட சீனியரே கிடையாது. பூட்டியிருந்தால் பூட்டியிருந்தது என்றே தேதி போட்டு எழுது, யாரும் உன்னைக் கடித்துவிட மாட்டார்கள். மருந்தை நீ கொடுக்கவே கூடாது, கேட்டால் "நான் இப்போதான் படிக்கிறேன் பாட்டி, பிபி வேணும்னா பாக்குறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடு. பிசியாலஜி பிராக்டிகலில் பிபி பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்களே, அது போதும்.

ஆனால் லேபில் பார்ப்பதும் லயனில் பார்ப்பதும் ஒன்றில்லை. இந்தக் குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள், அதன் மேலேயே கஃப்பைச் சுற்றக் கூடாது, கையை மேலே சுருட்டிவிட்டாலும் அந்தச் சுருள் தோளைப் பிடித்து இறுக்கும், ஒரு கையை முழுசாகக் கழற்றச் சொல். பெண்களிடம் வீட்டுக்குள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு. மேட்டில் ஏறி வந்தவரை ஐந்து நிமிஷமாவது உட்காரவைத்துவிட்டுப் பார். முக்கியமாக, போனதும் டீ கொடுப்பார்கள், அவர்களும் கூடக் குடிப்பார்கள். குடித்து அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் அளவு கொஞ்சம் ஏறித் தெரியலாம். டீ வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது. அதனால் முதலில் பிபி, அப்புறம் டீ. பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருந்தால் விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டு, சில்லிட்ட விரலில் அது ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும்.

லயன்_வீட்டுப்_பிள்ளை:
நான் மெடிக்கல் இல்லை, கோயம்புத்தூரில் வேலை. ஆனால் நீங்கள் போய்க் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு வீட்டில்தான் வளர்ந்தேன், அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். பத்து மணிக்கு வந்து கதவு பூட்டியிருக்கிறது என்றால் எப்படி? எங்கள் பக்கம் எட்டு மணிக்கெல்லாம் மலையில் நிற்க வேண்டும். மதியம் எடை போட எல்லாரும் ஒரே இடத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், சாப்பாட்டு நேரமும் அதுதான். அங்கே போய் நின்றாலே உங்கள் ஐந்து வீட்டு ஆட்களும் கிடைப்பார்கள். ஆனால் எடை போடும்போது குறுக்கே பேசாதீர்கள், கிலோ குறைந்தால் கூலி குறையும், அந்த நேரத்தில் தராசைத் தவிர எதிலும் கவனம் இருக்காது. நிதானமாகப் பேச ஞாயிற்றுக்கிழமை காலைதான் சரி.

இன்னொன்று, சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்காதீர்கள். நோட்டோடு வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள், சிலோனில் எந்தத் தோட்டம் என்று. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய, அவர்களுக்காகத்தான் டான்டீ (தமிழக அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களே போட்டார்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் உங்கள் லாக் புக்கில் கேட்காததும் சேர்ந்து வரும்.

திருவாரூர்_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பஸ் கிடையாது, ரூம்மேட்டும் நானும் டவுன் பஸ்ஸில்தான் வர வேண்டும். அதற்குப் பதில் வார நாளில் சாயங்காலம் ஐந்துக்கு மேல் வந்தால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் இல்லையா?

லயன்_வீட்டுப்_பிள்ளை:
இருப்பார்கள், கரடியும் இருக்கும். விளையாட்டில்லை. இருட்டின பிறகு தேயிலைக்குள் கரடி, காட்டெருமை, சில சமயம் சிறுத்தை. நாங்களே அந்த நேரத்தில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போக மாட்டோம். (லாக் புக்கில் கழிப்பறைக் கேள்வி வரும்போது இதையும் எழுதுங்கள்: இருக்கிறது, ராத்திரியில் போக முடியாது.) ஞாயிறு காலை வந்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். உங்கள் சாரிடமும் வார்டனிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

விஎச்என்_அக்கா:
பாப்பா, நான் கிராம சுகாதாரச் செவிலியர், பல வருஷமா இந்த மலையிலதான். உங்க லயனுக்கு எந்த நர்ஸ் வர்றாங்கனு முதல்ல கண்டுபிடி, அவங்களோட ஒரு நாள் நட. மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுபோற பெண் தன்னார்வலருக்கும் எந்த வீட்டுல யார் மாத்திரை சாப்பிடுறாங்க, யார் வாங்கி டப்பாவுல போட்டு வைக்கிறாங்கனு தெரியும்.

கையில மருந்து இல்லன்னு கவலைப்படுறியே, வீட்டுல ஏற்கனவே இருக்கிற மருந்தை எடுத்துப் பாரு. இரும்புச்சத்து மாத்திரை அட்டை அப்படியே இருக்கும். ஏன்னு கேட்டா வயித்தைப் புரட்டுதும்பாங்க, இல்லன்னா மலம் கறுப்பாப் போகுதுன்னு பயந்து நிறுத்தியிருப்பாங்க. கறுப்பாப் போறது மாத்திரையாலதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லு. சாப்பிடுறவங்களும் காலையில தேத்தண்ணியோட சேர்த்து முழுங்கிட்டு மலைக்குப் போயிடுவாங்க. தேயிலையில இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சுக்கும், உடம்புல சரியாச் சேராது. அப்புறம் ரத்தம் ஏறலன்னு நம்மளைக் குறை சொல்வாங்க. ராத்திரிச் சோறு சாப்பிட்ட பிறகு தண்ணியோட போடச் சொல்லு, டீக்கும் மாத்திரைக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடணும். நான் இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு, புதுசா ஒரு பொண்ணு வெள்ளை கோட்டு போட்டுட்டு வந்து சொன்னா கேப்பாங்க, அதுல எனக்கு வருத்தமில்ல.

முழங்கால் பாட்டியைத் துணைக்கு ஆள் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு, காதையும் பாத்துக்கலாம். பாதி நேரம் அழுக்குதான் அடைச்சிருக்கும்.

கூடலூர்_பிஜி:
விஎச்என் அக்கா சொன்னதோடு ஒன்று மட்டும். உன் ஜூனியர்களுக்குக் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வீடுகள் வந்தால், ரத்தசோகை என்றதும் எல்லாவற்றையும் இரும்புச்சத்துக் குறைவு என்று எழுதிவிட வேண்டாம். அங்கே அரிவாள் செல் நோய் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) இருக்கிறது. கண் லேசாக மஞ்சள், குளிர் அதிகமானால் கை கால் எலும்பில் தாங்க முடியாத வலி என்று ஒரு பையன் சொன்னால் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா, அட்டை ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு, உடனே கூட வந்த சாரிடம் சொல்ல வேண்டும். மழைக்காலம் என்றால் சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளச் சொல், அட்டைப்பூச்சி வெள்ளை கோட்டைப் பார்த்து மரியாதை கொடுக்காது.

திருவாரூர்_பொண்ணு:
அக்கா, நர்ஸ் யாரென்று எடைபோடுகிற இடத்தில் கேட்டாலே சொல்வார்களா, இல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்க வேண்டுமா?

விஎச்என்_அக்கா:
லயன்ல எந்தக் கர்ப்பிணிப் பொண்ணைக் கேட்டாலும் போன் நம்பரே கொடுக்கும்.