விண்டோஸ் பத்திலிருந்து பதினொன்றுக்கு: உங்க வீட்டு கம்ப்யூட்டரில் எது இழுத்தடிச்சதுங்க?

சோமனூர்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்ததிலிருந்து, எங்க பக்கம் சர்வீஸுக்கு யாரைக் கூப்பிட்டாலும் ஒரே பாட்டுதான்: "பழசாயிடுச்சுங்க, புதுசு வாங்கிக்கங்க." எங்க வீட்டு மெஷினுக்கும் அதையே சொன்னார்கள். தறிக்கூலி பில், ஜிஎஸ்டி கணக்கு, பையன் காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 8ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம். அப்படி ஒன்றும் கிழடு இல்லை.

பதினொன்றுக்குக் கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் அநேகமாக 8ஆம் தலைமுறை முதல், அப்புறம் யுஇஎஃப்ஐ (மெஷின் பூட் ஆகும் புதிய முறை), செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் பூட் ஆகவிடும் காவல்), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி). மெஷின் தகுதியா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக்கை ஓடவிட்டால் டிபிஎம் இல்லை என்றது. உண்மையில் அது இருக்கிறது, பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் செட்டப்பில்) ஆஃப் ஆகிக் கிடந்தது. இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். டிபிஎம் என்றே தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆன் செய்துவிட்டு உள்ளே வந்து, ரன் பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி என்று அடித்தால் 2.0 என்று காட்டியது.

இழுத்தடித்தது ஹார்டு டிஸ்க். நம்ம ஊரில் அசெம்பிள் செய்து தருகிறவர்கள் சி, டி, ஈ என்று பிரித்துத்தான் தருவார்கள். டிஸ்க்கில் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையில் அப்படிப் பிரிக்கும்போது கடைசி டிரைவ் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனாக உட்கார்ந்துவிடும். யுஇஎஃப்ஐயில் பூட் ஆக வேண்டுமென்றால் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய முறையில் இருக்க வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை இருக்கிறது, ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலும், எக்ஸ்டென்டட் ஒன்று இருந்தாலும் அது ஒத்துக்கொள்ளாது. முதலில் வேலிடேட் என்று கொடுத்துப் பார்த்தேன், எதிர்பார்த்தபடி முடியாது என்றது. ஈ டிரைவில் இருந்த கல்யாண வீடியோ, காதுகுத்து போட்டோ அத்தனையையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, அந்த பார்ட்டிஷனை அழித்து, மறுபடி கட்டளை கொடுத்ததும் மாற்றிக் கொடுத்துவிட்டது. அப்புறம் பயாஸில் லெகசி என்ற பழைய பூட் முறையை யுஇஎஃப்ஐ ஆக்கி, செக்யூர் பூட்டை ஆன் செய்தேன். அதற்குமேல் விண்டோஸ் ஏறியது பொழுதோட ஆரம்பித்து ராத்திரி சாப்பாட்டுக்குள் முடிந்த வேலை.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பத்துக்கு முறையான லைசென்ஸ் இருந்தால் பதினொன்று இலவசம்தான். மற்றவர்களுக்கு எது இழுத்ததென்று சொல்லுங்க.

கோபி

எனக்கு விண்டோஸ் ஒரு பிரச்சினையே பண்ணவில்லைங்க. எழுத்துதான் பண்ணியது. நான் வீட்டிலிருந்தே பத்திரிகை டைப் செய்து தருகிறவள். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கோயில் நோம்பி நோட்டீஸ் என்று வருஷக்கணக்கான பைல் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் புது மெஷின் வாங்கி, பழைய பைல்களை மட்டும் காப்பி செய்து கொடுத்தார். ஒன்றைத் திறந்தால் முகூர்த்தப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்து, புள்ளி வைத்த எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி மாதிரி எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் தருகிறது. அது இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடும். பழைய மெஷின் இன்னும் உயிரோடு இருந்ததால் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரிலிருந்து எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துப் போட்டுச் சரிசெய்தேன். அதனால் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்வதற்கு முன்னால் இந்த போல்டரை எடுத்து வைத்துவிடுங்கள். அதில் என்னென்ன போட்டிருந்தோம் என்று நமக்கே ஞாபகம் இருக்காது.

தமிழைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடில், லதா எழுத்துரு வைத்து அடித்த பைல்களும் தப்பவில்லை. தமிழ் வந்தது, ஆனால் வரி உடைந்து, ஒரு பக்கத்தில் நின்ற பத்திரிகை இரண்டு பக்கமானது. இப்போதைய விண்டோஸில் நிர்மலா யுஐதான் கூடவே வருகிறது. லதாவும் விஜயாவும் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து இறக்கியதும் பக்கம் பழையபடி வந்துவிட்டது.

விசைப்பலகைக்கு முன்பு தனியாக ஒரு மென்பொருள் வைத்திருந்தேன். இப்போது தமிழ் 99, அஞ்சல் இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன, விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸை அழுத்தினால் மாறிக்கொள்ளும். ஆனால் பழைய டைப்ரைட்டர் முறையில் கை பழகிய எனக்குத் தமிழ் 99 இன்னும் வசமாகவில்லை. 2010-ல் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழ் இணைய மாநாடும் சேர்ந்து நடந்து, யூனிகோடு யூனிகோடு என்று அவ்வளவு பேசினார்கள். எங்க பத்திரிகைத் தொழில் மட்டும் இன்னும் பாமினியை விடவில்லை. அச்சகத்துக்காரர் அதில்தான் கேட்கிறார், நான் என்ன செய்ய?

ஈரோடு

அப்பா மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியவர். அவருடைய பழைய பில் புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. வீட்டில் இருந்த 32 பிட் விண்டோஸ் 10-ல் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றில் 32 பிட்டே கிடையாது. அதனால் அங்கிருந்து அப்கிரேடு என்று நேராக ஏற முடியாது, சுத்தமாகப் புதிதாகத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் 64 பிட் விண்டோஸில் அந்த மாதிரி 16 பிட் புரோகிராம் எழுந்திருக்காது.

டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓடவைத்துப் பார்த்தேன். கணக்கு திறக்கிறது, ஆனால் அப்பாவுக்கு டாட் மேட்ரிக்ஸில் கார்பன் வைத்து இரண்டு காப்பி வேண்டும். அந்த பிரின்டரின் கேபிளைச் செருகப் புது போர்டில் பேரலல் போர்ட்டே இல்லை! கடைசியில் பழைய மெஷினை நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வைத்துவிட்டோம். அப்பா அதில் கணக்கு பார்க்கிறார், பாங்க் வேலை எல்லாம் புதியதில். இதை அரைகுறை ஏற்பாடு என்று சொல்வார்கள். எனக்கு இதுதான் சரி.

உடுமலை

ஒரே ஒரு விஷயம். எங்க ஊரில் ஆடிக்காற்று அடிக்கும்போது கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நாள் பதினொன்று ஏறிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுபோனது. வீடே வெசனப்பட்டது. கரண்ட் வந்ததும் பழைய விண்டோஸுக்குத் திரும்புவதாகச் சொல்லி, பத்தையே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பைல் எதுவும் போகவில்லை. ஆனாலும் பேப்பரில் "நாளைய மின்தடை" பார்த்து, யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

கரூர்

நான் ஏறவே இல்லைங்க. 6ஆம் தலைமுறை மெஷின், நன்றாகத்தான் ஓடுகிறது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தனியாகத் தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம், இல்லை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்க ஒத்துக்கொண்டால் காசு இல்லை. மெஷினில் பத்தின் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், அவ்வளவுதான். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் அதற்கான லிங்க் வரும். அதற்குள் பொண்ணு காலேஜ் சேர்வாள், அப்போது ஒரேயடியாக லேப்டாப் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பொள்ளாச்சி

டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் பற்றி யாரும் சொல்லவில்லையே.

அப்பிச்சி (அம்மாவோட அப்பா) தோட்டத்து வீட்டில் இருக்கிறார், தேங்காய் கணக்கும் யூடியூபும்தான் அவர் வேலை. மாமா பையன் லீவுக்கு வந்தபோது பதினொன்றின் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு, தன்னுடைய மெயிலிலேயே சைன் இன் செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இந்தப் பதிப்பைச் சுத்தமாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்ளும். அது நமக்குத் தெரியாது. சில மாதம் கழித்து மெக்கானிக் ஒருவர் வந்து பயாஸில் எதையோ மாற்றிவிட்டுப் போக, அடுத்த தடவை ஆன் செய்ததும் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அப்பிச்சி எனக்கு போன் செய்து, "கண்ணு, பொட்டி என்னமோ நம்பர் கேக்குது, ஆதார் நம்பரைப் போட்டுப் பாக்கட்டுமா?" என்கிறார்.

கீ அந்தப் பையனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருந்தது. அவன் பெங்களூரிலிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, நான் திருப்பிச் சொல்ல, அப்பிச்சி ஒற்றை விரலில் அடித்து முடித்தார். அவனும் அந்தக் கணக்கை மறந்திருந்தால் டிஸ்க்கில் இருப்பது யாருக்கும் இல்லை. இப்போது அந்த கீயை பிரின்ட் எடுத்து, நிலப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறவர்கள் அவர்கள் பெயரிலேயே கணக்கு திறந்து கொடுங்கள். உங்கள் மெயிலில் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.

திருப்பூர்

எங்க வீட்டில் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு இலவச லேப்டாப் சும்மா கிடந்தது. வரும்போதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது, அதை அப்போது வீட்டில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதினொன்றெல்லாம் அதற்கு ஆகாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சின்னதாக ஒரு எஸ்எஸ்டி, ரேம் 4 ஜிபி, அப்புறம் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (பழைய மெஷினுக்கு ஏற்ற லேசான லினக்ஸ்). தம்பி பைதான் பழகுகிறான், நெட் பார்க்கிறான். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. மேலே கோபி அக்கா சொன்ன பாமினி எழுத்துரு இதிலும் போட்டால் தெரிகிறது, ஆனால் பத்திரிகை டிசைன் செய்யும் மென்பொருள் வராது என்பதால் அவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சத்தியமங்கலம்

என்னுடையது 7ஆம் தலைமுறை. பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் வைத்து டிபிஎம் சோதனையைத் தாண்டிப் பதினொன்றைப் போடலாம் என்கிறார்களே, யாராவது செய்திருக்கிறீர்களாங்க?

திருப்பூர்

நண்பன் வீட்டில் போட்டோம், ஓடுகிறது. ஆனால் ஆதரவில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அடுத்த பெரிய பதிப்பு தானாக வரவில்லை, மறுபடி பென்டிரைவ் வைத்துத்தான் ஏற்றினோம். ரொம்பப் பழைய பிராசஸர் என்றால் 24எச்2 பூட்டே ஆகாது, உங்களுடையதுக்கு அந்தப் பயம் இல்லை. பழைய விண்டோஸின் மேலேயே ஏற்றினால், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி போய்த் திரும்பிவிடலாம். அதுவரைக்கும் டிஸ்க் க்ளீனப் எதையும் தொடாதீர்கள், இடம் பிடிக்கிறதே என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு போல்டரை அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை. வீட்டில் பாங்க் வேலை அந்த மெஷினில்தான் என்றால் நான் போடமாட்டேன், கரூர்க்காரர் சொன்ன வழிதான்.