தேடல் வரிசை ஏறி இறங்குவதற்கு ஒரு சொல்

ஆசிரியை, சைதாப்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கூகுளில் நேற்று மூன்றாவதாக வந்த கடை இன்று பதினொன்றாவது, நாளை ஐந்தாவது. இதற்கு ‘தரவரிசை அலைவு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

புலவர், மயிலாப்பூர்:
அம்மா, அலைவு பொருந்தாது. தனி ஊசலுக்கு நடுநிலை உண்டு. இருபுறமும் சீரான கால இடைவெளியில் ஆடும். தேடல் வரிசைக்கு இரண்டும் இல்லை. ‘தளும்பல்’ என்பேன். தள் என்னும் வேர் அசைவைக் குறிக்கும் என்பது என் ஊகம்: தள்ளு, தள்ளாடு, தளர், தளும்பு.

வளசரவாக்கம் (ஊர் யாழ்ப்பாணம்):
‘தளம்பல்’ எங்களிடம் புழக்கத்திலேயே இருக்கிறது ஐயா. விலைத் தளம்பல், வளிமண்டலத் தளம்பல்நிலை எல்லாம் செய்தியில் வரும். புதிதாக ஆக்கத் தேவையில்லை. ஆனால் ‘தள்’ என்று தொடங்குவதாலேயே தளிரையும் அந்த வேரில் சேர்ப்பீர்களா?

மென்பொருளாளர், பெருங்குடி:
நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அப்படியானால் கீழே இறங்கிய இணையதளமெல்லாம் குறைகுடமா? 2000களின் தொடக்கத்தில் கூகுள் தான் திரட்டிய இணையப் பக்கங்களின் பட்டியலை ஏறக்குறைய மாதம் ஒருமுறை புதுப்பித்தது. எல்லாத் தரவு மையங்களுக்கும் அது பரவும்வரை வரிசை சில நாள் குலுங்கும். அதை ‘கூகுள் டான்ஸ்’ என்றார்கள். இப்போது பட்டியல் ஓயாமல் மாறுகிறது. ஆண்டில் சில முறை, வரிசைப்படுத்தும் முறையிலேயே பெரிய புதுப்பிப்பும் வரும். 2024 மார்ச்சில் தொடங்கியது பரவி முடிய 45 நாள் ஆயிற்று. தி.நகரில் தேடுபவர் காணும் வரிசையைத் தாம்பரத்தில் இருப்பவர் காண்பதில்லை. போட்டிக் கடைக்காரர் தன் பக்கத்தைத் திருத்தினாலும் நம் இடம் நகரும். நம் தளத்தின் தரம் அப்படியேதான் இருக்கிறது. என் மறுப்பு ‘தரவரிசை’ மேல்தான். ‘இடவரிசை’ என்போம்.

புலவர்:
2012இல் கூகுளின் ‘பெங்குவின்’ என்ற புதுப்பிப்பு வந்தபோது, பிற தளங்களில் விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலேறிய தளங்கள் சரிந்தன. அது தரத்தின்மேல் வந்த தீர்ப்புத்தானே தம்பி?

மென்பொருளாளர்:
ஆம் ஐயா. அது சரிவு, காரணத்தைத் திருத்தாமல் மீளாது. நாம் பெயர் தேடுவது அன்றாட அசைவுக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், ஈரிடம் இறங்கியதற்கே பயந்து நல்ல பக்கத்தைக் கலைத்துவிடுவார்கள்.

ஆசிரியை:
வகுப்பில் பாத்திரக்கடை அம்மாவிடம் ‘தளம்பல்’ என்றேன். “தழும்பா?” என்றார். ‘ஏற்ற இறக்கம்’ என்றதும், “தங்கம் விலை மாதிரியா?” என்று அவரே பிடித்துக்கொண்டார். எனக்கு அதுதான் வேண்டும்.

புலவர்:
அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. சொல் கிளைக்க வேண்டும். தளம்பும் வரிசை, தளம்பாத வரிசை, தளம்பியது என எல்லா வடிவமும் எடுக்கிறது. ஏற்ற இறக்கத்தை எப்படி வினையாக்குவீர்கள்? சேர்த்தெழுதினாலும் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து ‘ஏற்றவிறக்கம்’ ஆகும். யார் வாயில் நுழையும்?

வளசரவாக்கம்:
பிரித்தே எழுதலாமே ஐயா. நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. கையேட்டுக்கு நானும் ஏற்ற இறக்கத்தின் பக்கம் வந்துவிட்டேன்.

ஆசிரியை:
பெரும்பாலோர் விருப்பப்படி ‘தேடல் வரிசை ஏற்ற இறக்கம்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். தம்பி சொன்னபடி ‘தரம்’ நீங்கிவிட்டது. நிலையான இறக்கத்துக்கு ‘சரிவு’ எனத் தனிப்பத்தி சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

புலவர்:
தரத்தை நீக்கியதும் சரிவைப் பிரித்ததும் நன்று. ஏற்ற இறக்கத்தை நான் ஏற்கவில்லை. சொல்லடைவிலாவது தளம்பலுக்கு இடம் கொடுங்கள் அம்மா. வெள்ளிவரை நேரம் இருக்கிறது.