ஜெனரல் கிரேடு மோர்ஸ்: எண்களுக்கு என்ன பயிற்சி?

ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கு வணக்கம். ஹாம் உரிமத்தின் ஜெனரல் கிரேடுக்குப் படிப்பவர்களுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளாலான குறியீடு) பழக்க உதவி வேண்டும். அந்த வேகத்தில் ஒரு புள்ளி 150 மில்லிசெகண்ட் நீள்கிறது. அதனால் ஒலியைக் கேட்காமல் புள்ளிகளை எண்ணுகிறார்கள். நான்கு புள்ளி கொண்ட H எழுத்தும் ஐந்து புள்ளி கொண்ட 5-உம் குழம்புகின்றன. எழுத்தை 18 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு இடைவெளியை மட்டும் நீட்டினால் எழுத்துகள் சரியாகின்றன. ஆனால் எண்கள் கலந்ததும் எழுதும் கை நின்றுவிடுகிறது. ஒன்றைத் தவறவிட்டு யோசிப்பதற்குள் அடுத்த மூன்றும் போய்விடும். இதற்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சி என்ன?

இன்னொன்று: 2003 உலக வானொலி மாநாடு உரிமத்துக்கான மோர்ஸ் தேர்வை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது, அமெரிக்கா 2007-இல் அதை நீக்கியது. சில வாட்டில் கடல் தாண்டும் மோர்ஸைக் கட்டாயம் கற்க வேண்டும், ஆனால் உரிமத்துக்கு அது தடையாகக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் கருத்து?