பதில்: கோ நிரலுடன் வரும் சி கோப்புகளுக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

> கோ (Go) நிரல்மொழியின் பொதிக்குள் (பேக்கேஜ்) சி (C) மொழி மூலக்கோப்புகளையும் வைத்துத் தொகுப்பது பற்றிய ஆவணத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'கலப்புத் தொகுப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரியாக இருக்குமா?

என்னைக் கேட்டால் 'கலப்பு' வேண்டாம். அங்கே எதுவும் கலப்பதில்லை. 'கோ பில்ட்' கட்டளை கொடுத்ததும் கோ கோப்புகள் கோவின் சொந்தத் தொகுப்பிக்கு (கம்பைலர்) போகின்றன, சி கோப்புகள் ஜிசிசி, கிளாங் போன்ற ஒரு சி தொகுப்பிக்குப் போகின்றன. இரண்டு பக்கமும் தனித்தனியே ஆப்ஜெக்ட் கோப்புகள் (இயந்திர மொழித் துண்டுகள்) ஆன பிறகு இணைப்பிதான் (லிங்கர்) அவற்றை ஒன்றுசேர்க்கிறது. 'கோ பில்ட் -எக்ஸ்' என்று ஓட்டினால் ஜிசிசியை அழைக்கும் வரிகள் தனியாக ஓடுவதைப் பார்க்கலாம்.

> ஒரே கட்டளையில்தானே எல்லாம் நடக்கிறது?

கட்டளை ஒன்றுதான், தொகுப்பிகள் இரண்டு. கணினியில் ஜிசிசி இல்லாவிட்டால் இது உடனே புரிந்துவிடும். ஒரு காலத்தில் கோவின் கருவிகளோடு அதற்கென்றே ஒரு சி தொகுப்பியும் வந்தது. பிளான் 9 என்ற இயங்குதளத்தின் வழிவந்தது அது. 2015 ஆகஸ்டில் வெளியான 1.5 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். இன்று பொதியில் ஒரு சி கோப்பு இருந்து, எந்தக் கோ கோப்பிலும் 'இம்போர்ட் "சி"' (சிகோவை அழைக்கும் வரி) இல்லையென்றால், கோவையும் சியையும் இணைக்கும் கருவிகளான சிகோவோ ஸ்விக்கோ பயன்படுத்தாதபோது சி மூலக்கோப்புக்கு இடமில்லை என்று சொல்லிக் கட்டளை நின்றுவிடும்.

அதனால் செயலுக்குப் பெயர் தேடுவதை விட்டுவிட்டு அந்தக் கோப்புகளுக்கே ஒரு பெயர் வைக்கலாம். என் முன்மொழிவு: உடனுறை கோப்பு.

கோ கேட்பது ஒன்றுதான். சி கோப்பு அந்தப் பொதியின் அடைவிலேயே (ஃபோல்டர்) இருக்க வேண்டும். உள்ளே 'எஸ்ஆர்சி' என்று ஓர் அடைவு போட்டு அதில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்றும் உண்டு. மெயின்.கோவும் கணக்கு.சியும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் 'கோ ரன் மெயின்.கோ' என்று கோப்பின் பெயரைச் சொல்லி ஓட்டினால், சொன்ன கோப்பை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். கணக்கு.சியில் உள்ள செயற்கூறு (ஃபங்ஷன்) கிடைக்கவில்லை என்று இணைப்பி கைவிரித்துவிடும். பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்து 'கோ ரன் .' என்றால் ஓடும். ஒரே அடைவில் உறைவதுதான் இங்கே உறவு. அதைச் சொல்ல 'உடனுறை'யைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

-----

ஐயா, வணக்கம்.

சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கோயில் வாடை அடிக்கிறதே! 'துணைக்கோப்பு' போதாதா? அப்புறம், 'உடனுறைக் கோப்பு' என்று ஒற்று வர வேண்டாமா?

இன்னொரு சந்தேகம். தலைப்புக் கோப்புகளும் (ஹெடர்) அதே அடைவில்தானே இருக்கின்றன? அவையும் உடனுறையா?

-----

வாடை அடிக்கட்டுமே, பொருத்தமும் அங்கேதான் இருக்கிறது. மீனாட்சி உடனுறை சுந்தரேசுவரர் என்கிறோம். கோயில் ஒன்று, சன்னதி இரண்டு. இங்கேயும் அடைவு ஒன்று, தொகுப்பி இரண்டு.

'துணைக்கோப்பு' என்றால் அமைவுக் கோப்பு, படம், தரவு என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தச் சொல்லைப் படிப்பவருக்கு அது தொகுக்கப்படும் என்று எப்படித் தெரியும்?

ஒற்று வேண்டாம். 'உறை' இங்கே வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போலத்தான்.

தலைப்புக் கோப்பு பற்றி நல்ல கேள்வி. அதுவும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் அது தனியாகத் தொகுக்கப்படுவதில்லை, சி கோப்பு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே என் சொல்லை நானே திருத்துகிறேன்: உடனுறை மூலக்கோப்பு. சி, சி++ மூலங்கள் இதில் அடங்கும். தலைப்புக் கோப்பு, தலைப்புக் கோப்பாகவே இருக்கட்டும்.

எதெல்லாம் இதில் சேராது என்பதற்குக் கோ-எஸ்க்யூலைட்3 பொதி நல்ல எடுத்துக்காட்டு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் முழு சி மூலத்தையும் அது தன் அடைவிலேயே வைத்திருக்கிறது. அது உடனுறை மூலக்கோப்பு. அதனால்தான் முதல் தடவை தொகுக்கும்போது அவ்வளவு நேரம் பிடிக்கிறது, அடுத்த தடவை தேக்ககத்திலிருந்து (கேஷ்) வந்துவிடுகிறது. அதே பொதியை 'லிப்எஸ்க்யூலைட்3' என்ற குறிச்சொல் கொடுத்துத் தொகுத்தால், கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் நூலகத்தோடு இணைந்துகொள்ளும். அது வெறும் நூலக இணைப்பு, உடனுறை அல்ல. இந்த வேறுபாட்டைக் 'கலப்புத் தொகுப்பு' என்ற சொல்லால் காட்டவே முடியாது.

-----

> சி செயற்கூறுகளை முகவுரையிலேயே எழுதிவிடலாமே, தனிக் கோப்பு எதற்கு?

இதற்கு நான் பதில் சொல்கிறேன். சின்னச் சின்னச் செயற்கூறு என்றால் 'இம்போர்ட் "சி"'க்கு மேலே இருக்கும் குறிப்புரையிலேயே, அதாவது முகவுரையிலேயே, எழுதலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கோ கோப்பில் 'எக்ஸ்போர்ட்' (கோ செயற்கூறைச் சியிலிருந்து அழைக்க விடும் குறிப்பு) இருந்தால் முகவுரை இரண்டு சி கோப்புகளுக்குள் நகலெடுக்கப்படும். வரையறையும் இரண்டாகிவிடும், இணைப்பி ஒத்துக்கொள்ளாது. அந்த இடத்தில் முகவுரையில் அறிவிப்பு மட்டும் போதும், வரையறையை உடனுறை மூலக்கோப்புக்கு மாற்றிவிட வேண்டும். (பார்த்தீர்களா, சொல் எழுத்தில் வந்துவிட்டது. எனக்குச் சம்மதம்.)

இலங்கை நண்பர்கள் கம்பைலரைத் 'தொகுப்பான்' என்பார்கள், தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிரல்பெயர்ப்பி' என்றிருக்கும். அந்தப் பழைய சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம். எந்தச் சொல்லை எடுத்தாலும் 'உடனுறை மூலக்கோப்பு' அதனோடு ஒத்துப்போகும்.

-----

அனைவருக்கும் நன்றி. மாற்றிவிட்டேன். அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"பொதியின் அடைவில் உடனுறை மூலக்கோப்புகள் இருந்தால், ஒரு கோ கோப்பிலாவது 'இம்போர்ட் "சி"' இருக்க வேண்டும். முகவுரைக்கும் அந்த வரிக்கும் நடுவே வெற்று வரி விடக் கூடாது. விட்டால் முகவுரை வெறும் குறிப்புரையாகக் கருதப்படும்."