உதவி: டெஸ்டர் நிறைய பேர் இருக்கிறார்கள், பக் ரிப்போர்ட்தான் வரவில்லை

பஸ்_ரூட்_பாளை
வணக்கம், கொஞ்சம் அவசரம். நானும் நண்பன் ஒருத்தனும் சேர்ந்து பஸ் ஓட்டும் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் கிளம்பி பாபநாசம் வரை போகும். காசுக்காக இல்லை, ஆசைக்குத்தான். டெஸ்ட் பண்ண ஆள் வேண்டும் என்றதும் நிறைய பேர் வந்தார்கள், வாட்ஸ்அப் குழுவும் தொடங்கியாயிற்று. ஆனால் பில்ட் (கேமின் புதிய பதிப்பு) போட்டால் "சூப்பர்ணே", "செம", அப்புறம் கட்டைவிரல். அவ்வளவுதான். சிலர் "தானா மூடிக்கிடுது" என்கிறார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்று, சரிசெய்து முடித்த பக்கையே (பிழையையே) மறுபடி மறுபடி சொல்கிறார்கள். சம்பளம் இல்லாமல் வருகிறவர்களிடம் எப்படி வேலை வாங்குவது? தீபாவளிக்குள் வெளியிட வேண்டும்.

தென்காசி_தூறல்
எந்த இன்ஜின், அதாவது எந்த மென்பொருளில் கேம் செய்கிறீர்கள்? ஆண்ட்ராய்டா, கணினியா? பில்ட் எப்படிப் போய்ச் சேருகிறது, ஏபிகே-யாக (போனில் நேரடியாக ஏற்றும் கோப்பு) குழுவிலேயே போடுகிறீர்களா, ப்ளே ஸ்டோர் வழியாகவா? மொத்தம் எத்தனை பேர்? அவர்களிடம் என்ன சொல்லி பில்டைக் கொடுத்தீர்கள்? இதெல்லாம் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

சேர்மாதேவி_கோடர்
தானாக மூடுகிறது என்றால் வல்கன்தான் (போனில் படம் வரையும் முறை ஒன்று), சந்தேகமே வேண்டாம். இன்ஜின் கோடோ என்றால் ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதியை) "மொபைல்" என்பதில் இருந்து "கம்பாட்டிபிலிட்டி"க்கு மாற்றுங்கள். அது வல்கன் இல்லாமல் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0 என்ற பழைய முறையில் ஓடும், பழைய போன்கள் தாங்கும். நம் பக்கம் பையன்கள் கையில் இருப்பதெல்லாம் அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன். அதில் வல்கன் டிரைவர் சரியாக இருக்காது.

நெல்லை_நிரலர்
தம்பி, இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கலாம். டெஸ்டர் வேறு, விளையாடுகிறவர் வேறு. உங்களிடம் இருப்பவர்கள் இரண்டாம் வகை. ஒழுங்கான ப்ராஜெக்ட் என்றால் இஷ்யூ டிராக்கர் (பிழைகளைப் பதிந்து வைக்கும் தளம்) இருக்கும், அதில் டெம்ப்ளேட் இருக்கும்: என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். இதை நிரப்பத் தெரியாதவரை குழுவில் இருந்து எடுத்துவிடுங்கள். முப்பது பேர் கூட்டத்தைவிட, எழுதத் தெரிந்த மூன்று பேர் போதும்.

அம்பை_அண்ணாச்சி
நிரலரே, டெம்ப்ளேட் நல்ல விஷயம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பையனிடம் கணக்கு திற, ஆங்கிலத்தில் நிரப்பு என்றால் அடுத்த நாள் குழுவில் இருக்க மாட்டான். அவன் எழுதத் தெரியாதவன் இல்லை, அவனுக்கு அது பழக்கமில்லாத இடம். அதற்காக அவனை எடுத்துவிடுவது நியாயம் இல்லை.

என் வழி வேறு. ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, நாம் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறார், எந்தப் பொத்தானைத் தேடுகிறார் என்று கண்ணுக்கே தெரியும். "இங்கே அமுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த டெஸ்ட் வீண். பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சு போதும்.

பஸ்_ரூட்_பாளை
கோடோ 4. ஆண்ட்ராய்டு. ஏபிகே-யைக் குழுவிலேயே போடுகிறோம். சில நாள் நான் எக்ஸ்போர்ட் செய்து போடுவேன், சில நாள் நண்பன் அவன் லேப்டாப்பில் இருந்து போடுவான். முப்பது பேர் இருக்கும். "விளையாடிப் பார்த்துச் சொல்லுங்க" என்றுதான் போடுவோம். இப்போது சோலிக்குப் போகிறேன், ராத்திரி வந்து பார்க்கிறேன்.

வீகேபுரம்_வாசி
ப்ளே ஸ்டோரில் போடுவதென்றால் 20 பேர் 14 நாள் டெஸ்ட் பண்ண வேண்டுமே, அதற்காகவா ஆள் சேர்க்கிறீர்கள்?

தென்காசி_தூறல்
இப்போது 20 இல்லை, 12. டிசம்பர் 2024-இல் கூகுள் குறைத்தது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்குத்தான் அந்த விதி. 12 பேர் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டில் (அழைத்தவர்கள் மட்டும் செய்யும் சோதனை) சேர்ந்த நிலையில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஸ்டோரில் வர வேண்டும் என்றால் அந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். பாதியில் விலகாத ஆட்களை இப்போதே பார்த்து வையுங்கள்.

அது போகட்டும். "சில நாள் நான், சில நாள் நண்பன்" என்றீர்களே, உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கீஸ்டோர் (ஆப் யாருடையது என்று காட்டும் சாவிக் கோப்பு) கொண்டு சைன் செய்கிறீர்களா? சோதனைக்கான டீபக் கீ என்றால் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக உருவாகியிருக்கும். நீங்கள் கொடுத்ததை ஏற்றிய போனில் நண்பர் கொடுத்தது மேலே ஏறாது, "ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை" என்று வரும். பழையதை நீக்கினால்தான் ஏறும். நீக்கினால் சேவ் போய்விடும், அதனால் யாரும் நீக்க மாட்டார்கள். பழைய பில்டிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சரிசெய்த பக் திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்?

முதலில் வெர்ஷன் எண்ணைத் தொடக்கத் திரையின் மூலையில் பெரிதாகக் காட்டுங்கள். எல்லோரையும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடச் சொல்லுங்கள். உண்மை அப்போதே தெரிந்துவிடும்.

சேர்மாதேவி_கோடர்
சைனிங் சரி. ஆனால் மூடுவதற்குக் காரணம் ரெண்டரர்தான் என்று இன்னமும் சொல்வேன்.

தென்காசி_தூறல்
இருக்கலாம். லாக் (கேம் ஓடும்போது எழுதும் குறிப்பு) பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கோடோவில் லாக் கோப்பு எழுதுவது கணினியில் மட்டும்தான் தானாக நடக்கும். ஆண்ட்ராய்டுக்கு ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும் அந்தக் கோப்பு ஆப்பின் உள்ளே இருக்கும், டெஸ்டரால் எடுக்க முடியாது. அதனால் கேமிலேயே "புகார்" என்று ஒரு பொத்தான் வையுங்கள். அமுக்கினால் வெர்ஷன், போன் மாடல், எந்த ஊர் நிறுத்தம், முந்தைய ஓட்டத்தின் லாகில் கடைசி வரிகள் எல்லாம் க்ளிப்போர்டுக்கு வர வேண்டும். அவர்கள் குழுவில் ஒட்டினால் போதும். வீடியோ எடுத்தால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கி எழுத்தே தெரியாது.

பஸ்_ரூட்_பாளை
இரண்டு லேப்டாப், இரண்டு கீ. நண்பனிடம் கேட்டேன், டீபக் கீதான். நாளைக்குப் பார்க்கிறோம்.

இன்னொரு சந்தேகம். பஸ் டிரைவராக இருக்கும் மாமா ஒருத்தரும் குழுவில் இருக்கிறார். பக் எதுவும் சொல்ல மாட்டார். "கல்லிடைக்குறிச்சிக்கு அப்புறம் வீரவநல்லூர் வருது, தப்பு", "மேலப்பாளையம் வழியா விடு" என்று இதே மாதிரிதான் அனுப்புவார். அவர் மனசு நோகாமல் எப்படி நிறுத்துவது?

அம்பை_அண்ணாச்சி
நிறுத்தவே நிறுத்தாதீர்கள்! உங்கள் குழுவில் சரியாக ரிப்போர்ட் எழுதுகிற ஒரே ஆள் அவர்தான். இடம், நடந்தது, நடந்திருக்க வேண்டியது மூன்றும் ஒரே வரியில் இருக்கிறது, நிரலர் கேட்ட டெம்ப்ளேட்டே அதுதான். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அப்புறம் ஆற்றைத் தாண்டி அம்பை (அம்பாசமுத்திரம்). இந்த வரிசை தப்பினால் இந்த ஊர்க்காரன் ஒருவனும் உங்கள் கேமை விளையாட மாட்டான்.

வீகேபுரம்_வாசி
வரிசை சரி. ஆனால் மேலப்பாளையம் வழி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேட்டை வழிதான் சேரன்மகாதேவிக்கு. டவுனில் ரோட்டுக்குப் பெயரே சேரன்மகாதேவி ரோடு.

மேலப்பாளையம்_வாசி
எங்கள் ஊரில் ரோட்டுக்குப் பெயர் அம்பை ரோடு. அதற்கு என்ன சொல்வீர்கள்? பேட்டை வழியாகப் போவது ரயில். புதிய பஸ் நிலையத்தில் கிளம்பும் வண்டிக்கு மேலப்பாளையம், தருவை, பத்தமடை என்று போவதுதான் வாகு.

வீகேபுரம்_வாசி
அப்படியென்றால் பேட்டைக்காரர் எல்லாம் ரயிலில்தான் பாபநாசம் போகிறார்களா? ரயில் பாபநாசத்துக்குப் போகவே போகாது.

மேலப்பாளையம்_வாசி
பேட்டையில் பஸ்ஸே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பத்தமடையை விட்டுவிட்டு ஒரு பாபநாசம் பஸ் கேமா என்றுதான் கேட்கிறேன். பாய்க்கட்டோடு ஏறுகிற ஆட்கள் இல்லாமல் என்ன பத்தமடை?

நெல்லை_நிரலர்
தலைப்பு டெஸ்டர் மேலாண்மை பற்றியது. ரூட் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு ஒன்று: மாமா சொல்வது பக் இல்லை, உள்ளடக்கக் கோரிக்கை. தனிப் பட்டியலில் போடுங்கள்.

அம்பை_அண்ணாச்சி
பெயர் எதுவானாலும் பட்டியலில் ஏறட்டும், அது போதும் எனக்கு.

பாளைத் தம்பிக்கு முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். "விளையாடிப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ஒவ்வொரு பில்டுக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள், அதுவும் ஆளைப் பார்த்து. மாமாவிடம் "தருவையில் இருந்து சேரன்மகாதேவி வரை ஓட்டுங்க, வளைவு சரியா பாருங்க". பழைய போன் வைத்திருக்கும் பையனிடம் "அம்பை பஸ் நிலையத்தில் கூட்டம் ஏறும்போது திணறுதா பாரு". முதல் முறை விளையாடும் அத்தையிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், டிக்கெட் கொடுக்கத் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். முதல் முறை என்பது ஒருவருக்கு ஒரு தரம்தான் கிடைக்கும். அதனால் முப்பது பேருக்கும் முதல் பில்டையே கொடுத்துத் தீர்க்காமல், சிலரைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

பத்தமடையைச் சோதிக்கிறவன் ஒவ்வொரு முறையும் பஸ் நிலையத்தில் இருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. எந்த நிறுத்தத்துக்கும் தாவுகிற மாதிரி டெஸ்டர் பில்டில் ஒரு பட்டியல் வையுங்கள். சேவ் அழிந்தாலும் யாருக்கும் வருத்தம் இருக்காது.

அப்புறம், ஒருவர் சொன்ன பிழை சரியானால் அடுத்த பில்டோடு அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். "மாமா சொன்ன வீரவநல்லூர் சரியாயிட்டு" என்று ஒரு வரி. சரிசெய்யப் போவதில்லை என்றாலும் ஏன் என்று சொல்லிவிடுங்கள். சொன்னது எங்கே போனது என்று தெரியாமல்தான் ஜனங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். சம்பளம் இல்லாத ஆளுக்கு நாம் கொடுக்கக்கூடியது அந்தப் பதில் ஒன்றுதான், அதையும் கொடுக்காவிட்டால் அவர் எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும்?

நெல்லை_நிரலர்
அந்தக் கடைசிப் பத்தியில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. க்ரெடிட்ஸ் திரையிலும் பெயரைப் போடுங்கள். போடலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு.

பஸ்_ரூட்_பாளை
எல்லோருக்கும் நன்றி. ஒரே கீ ஆக்கியாயிற்று, எல்லோரும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார்கள். ஸ்கிரீன்ஷாட் பார்த்தால் பாதிப் பேர் பழைய வெர்ஷனில்தான் இருந்திருக்கிறார்கள். புகார் பொத்தானும் வைத்தோம். மூடுவது பத்தமடை நிறுத்தத்தில் பாய்க்கட்டு ஏறும்போது, இரண்டாவது கட்டு ஏறினால். மூன்று வேறு வேறு போனில் அதே வரிதான் லாகில், ரெண்டரர் இல்லை. வீரவநல்லூரும் சரியாயிற்று, மாமா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். மேலப்பாளையம் வழிதான் வைத்திருக்கிறோம்.

சேர்மாதேவி_கோடர்
நல்லது. இருந்தாலும் கம்பாட்டிபிலிட்டியில் ஒரு பில்ட் எடுத்துப் பழைய போன்களில் கொடுத்துப் பாருங்கள்.

வீகேபுரம்_வாசி
பேட்டை வழியையும் இரண்டாவது ரூட்டாகச் சேர்த்தால் நான் டெஸ்ட் பண்ணத் தயார். சேரன்மகாதேவி வரை ஒவ்வொரு நிறுத்தமும் எழுதித் தருகிறேன்.

தென்காசி_தூறல்
கீஸ்டோர் கோப்பையும் கடவுச்சொல்லையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தீர்களா?